மூன்றாவதா, முதலாவதா

'சந்தேகம்' என்ற பட்டப்பெயரை அவருக்கு யார் வைத்தது என்று கேட்டால், அதிலும் அவருக்குச் சந்தேகம்தான். முதன்முதலில் வண்டி விட்ட பள்ளி வாத்தியார் என்பார். இல்லை, மைத்துனன்தான் வைத்திருப்பான் என்பார். கடைசியில், "யார் வச்சா என்ன, பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்று முடிப்பார். தொழில், கார் மெக்கானிக். மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில், தகரக் கூரை போட்ட ஷெட்டில், அடுத்தவர் வண்டியையும் அடுத்தவர் பேச்சையும் நம்பாமலே பிழைத்து வருகிறார். நம்பாத மனிதரிடம்தான் ஊரே நம்பி வண்டியை விடுகிறது.

பெட்ரோல் முள் பாதி காட்டினால், டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிற ஆள். "பிரேக் பிடிக்கல" என்று வண்டிக்காரர் சொன்னால் பிரேக்கைத் தவிர மற்றதையெல்லாம் முதலில் பார்ப்பார். "வலிக்கிற இடத்தை வண்டி சொல்லட்டும். நீங்க ஏன் முந்திக்கிறீங்க?"

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. 'நோய் இடம் மாறணும்' என்பார். எஞ்சினில் ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால், அதே எஞ்சினில் நன்றாக இருக்கும் அதன் ஜோடியோடு அதை இடம் மாற்றிப் பொருத்துவார். பாகம் போன இடத்துக்கே கோளாறும் போனால் பாகம் குற்றவாளி. கோளாறு பழைய இடத்திலேயே நின்றால் பாகம் நிரபராதி. வேறு ஆளைத் தேட வேண்டும். தீர்ப்பு வருகிறவரை புதுப் பாகம் வாங்கவிட மாட்டார். ஒருமுறை பார்த்து முடிவு செய்கிற வழக்கமும் இல்லை. ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாமாம்.

இதே முறையில் அவரிடம் தொழில் பழகியவன் அவருடைய மனைவியின் தம்பி. பழகி முடித்ததும், வண்டியோடு இணைத்தால் கோளாறின் எண்ணைத் திரையில் காட்டுகிற கருவி ஒன்றை வாங்கினான். அன்றிலிருந்து அவனுக்கு 'ஸ்கேன்' என்று பெயர். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே சந்தேகம் அந்தக் கருவியின் ஒயரைப் பிடுங்கி, "இது சொல்றது நோய் இல்லடா, வதந்தி" என்றார். ஸ்கேன் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க சந்தேகப்பட்டு முடிக்கறதுக்குள்ள வண்டிக்கு வயசாயிடும் மாமா" என்றான். வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அன்று நின்ற பேச்சு நின்றதுதான். ஷெட் ஒன்றே என்பதால் பொழுதைப் பிரித்துக்கொண்டார்கள். காலை மாமாவுக்கு, மதியத்துக்கு மேல் மைத்துனனுக்கு. சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் அக்கா.

அக்கா, அதாவது சந்தேகத்தின் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். தபாலை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிற சுபாவம் இல்லை. "ஜாக்கை எடுத்தா எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதான்னு கேளு அந்தத் தறுதலையை" என்று காலையில் புறப்படும் சேதி, மதியம், "மாமா ஜாக்கைக் காணோம்னு ரொம்ப நேரம் தேடினாருடா, பாவம்" என்று போய்ச் சேரும். "கண்ணு முன்னாடி இருந்தாலும் அவருக்கு சந்தேகமாத்தான் இருக்கும்" என்ற பதில், "இனிமே பாத்து வைக்கிறேன்னு சொன்னான்" என்று வீடு திரும்பும். இரண்டு பேருமே அடுத்தவன் திருந்திவிட்டதாக நினைத்தார்கள். ஆனாலும் பேசவில்லை. திருந்தியவனிடம் பேச என்ன இருக்கிறது?

இந்த நேரத்தில் அவளுடைய கடைக்காரர் பக்கத்து ஊரில் புதுக்கிளை திறந்து, நீயே பொறுப்பெடுத்து நடத்து என்றார். காலையில் அவளே கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வருவாளா மாட்டாளா என்று சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். யாரையும் கேட்காமல் ஒரு பழைய கார் வாங்கிவிட்டாள். வீட்டில் இரண்டு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு ஏன் கேட்கவில்லை என்றால், ஒருவரைக் கேட்டால் இன்னொருவருக்குக் கோபம் வரும் என்பதால்.

சாம்பல் நிற வண்டி. புறப்படும்போது சமர்த்தாகத்தான் புறப்படும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, ரயில்பாதை மேம்பாலத்தின் ஏற்றத்தில் கால் வைத்ததும் உடம்பெல்லாம் நடுங்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஓடாது, யோசிக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனில் திட்டுவார்கள். முதல் நாளே ஒரு குப்பை லாரி அவளை முந்திக்கொண்டு போனது.

மானத்தை விட்டு இருவரிடமும் காட்டினாள், தனித்தனியாக. கணவரிடம், "அவன் தொட மாட்டேன்னுட்டான், நீங்களே பாருங்க" என்றாள். தம்பியிடம், "அவர் இந்த வண்டிப் பக்கமே வரமாட்டேங்கறாரு, நீ பாரு" என்றாள். போல்ட்டெல்லாம் புதிதாகக் கழற்றிய மாதிரி இருக்கிறதே என்று தம்பி கேட்டதற்கு, வண்டி விற்றவர்களின் மெக்கானிக் திறந்து பார்த்ததாகச் சொன்னாள். இரண்டு கருத்து கேட்டுக்கொள்வது நல்லது என்பது அவளுடைய தொழில் புத்தி.

காலையில் சந்தேகம் வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி இறக்கிச் சூடாக்கி, நடுக்கம் வந்ததும் ஷெட்டுக்குக் கொண்டுவந்து பானெட்டைத் தூக்கினார். நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் தலையிலும் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கும் காயில் ஒன்று. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு காயிலின் ஒயராகக் கழற்றிப் பார்த்தார். முதலாவதைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தடுமாறியது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்கிறவன் லீவு போட்டால்தானே தெரியும். மூன்றாவது சிலிண்டர் ஏற்கெனவே லீவில் இருந்தது. விரலைச் சுட்டுக்கொண்டு மூன்றாவது காயிலை முதலாவதின் இடத்திலும், முதலாவதை மூன்றாவதின் இடத்திலும் பொருத்தினார். கழற்றி மாட்டுவதற்குள் காயில் ஆறிவிட்டது, நடுக்கமும் போய்விட்டது. மறுபடி சூடேறி நடுங்கும்போதுதான் நோய் எங்கே இருக்கிறதென்று தெரியும். அவளுக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. "ஓட்டிட்டுப் போ. நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் பார்த்தார். நோய் நகரவில்லை, மூன்றாவதிலேயே இருந்தது. காயில் நிரபராதி. ஆனால் ஒருமுறை பார்த்ததை நம்புகிறவரா அவர்? மறுபடி மாற்றிவைத்து அனுப்பினார். அதற்கடுத்த நாளும் மூன்றாவதுதான். ஒரு போல்ட் மட்டும் தான் இறுக்கியதைவிட அதிக இறுக்கமாக, கழுத்தை நெரித்த மாதிரி இருந்தது. யாராவது தொட்டிருப்பார்களோ என்று தோன்றியது. சே, யார் தொடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். ஆயுளில் அவர் விட்டுக்கொடுத்த ஒரே சந்தேகம் அது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் தீர்ப்பு வந்தது.

"காயில் இல்ல. பிளக்கும் மாத்திப் பாத்துட்டேன், அதுவும் இல்ல. மூணாவது சிலிண்டர்ல வால்வு போயிருக்கு, சூடானா சரியா ஒக்காரல. எஞ்சின் தலையையே, ஹெட்டையே கழட்டணும். ஆகற கதை இல்ல. வித்தவன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு."

"அப்போ அந்தக் கிளை?"

"வேற யாராவது பாத்துக்கட்டும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் அங்க போகக்கூடாதுன்னு இருக்கா உங்களுக்கு?"

வேறொரு கணவராக இருந்தால் "சேச்சே" என்றிருப்பார். இவர் உண்மையிலேயே யோசித்தார். தனக்குள்ளே ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தார் போலிருக்கிறது. எந்த நினைப்பு எதை நடுங்க வைக்கிறது என்று இடம் மாற்றிப் பார்க்க அங்கே ஜோடி ஏதும் இல்லை.

"தெரியல" என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆமாம் என்றால் சண்டை பிடித்திருப்பாள். 'தெரியல'வை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில் இத்தனை மாதமாகக் கட்டிக்காத்த தபாலாபீஸ் ரகசியம் உடைந்தது.

"அவனும் திருப்பிக் குடுன்னுதான் சொல்றான். ஆனா அவன் முதலாவது சிலிண்டர்ங்கறான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொய்யாவது ஒழுங்கா சொல்லக்கூடாதா?"

சந்தேகத்தின் கை தட்டிலேயே நின்றது. "அவனா? அவன் எப்ப பாத்தான்?"

"தினமும் மத்தியானம்."

"தொட மாட்டேன்னான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணறான்?"

"நீங்க கத்துக்குடுத்த பக்கத்துலேர்ந்துதான் எண்ணுவான். வேற எங்க போய்க் கத்துக்கிட்டான்?"

"எதை எதோட மாத்தினான்?"

"ஒண்ணாவது காயிலை மூணாவதோட."

"எத்தனை தரம்?"

"நீங்க எத்தனை தரம் மாத்துனீங்க?"

"தினமும்."

"அவனும் தினமும்தான். அங்கயே நோய் நிக்குதுன்னு தலையைப் பிச்சுக்கறான்."

அவர் சாப்பாட்டை விட்டு எழுந்து கையைக் கழுவினார். தண்ணீர் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. அவர் சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. அந்தச் சத்தம் கேட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கெட்டுப்போனது காயில்தான். காலையில் மாமா அதை மூன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவார். அவள் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். மதியம் மைத்துனன் வண்டியைச் சூடாக்கிக் கருவியை மாட்டினால் ஒன்று என்று காட்டும். அவன் காயிலை ஒன்றிலிருந்து மூன்றுக்கு மாற்றி அனுப்புவான். மறுநாள் காலை மாமா பார்த்தால் மூன்றிலேயே இருக்கும். நோய் ஒழுங்காக இடம் மாறிக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் மாற்றியதை இன்னொருவர் திரும்ப மாற்றியதால், அது அசையவே இல்லை என்று இருவருக்கும் நிரூபணமாயிற்று. மாமா ஒரே முறை பார்த்து நிறுத்தியிருந்தால் அடுத்த நாளே மைத்துனன் கையில் நோய் பிடிபட்டிருக்கும். கவனமான வேலை செய்த கெடுதல் இது. ஒருத்தன் சோம்பேறியாக இருந்திருந்தாலும் வண்டி பிழைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை சந்தேகம் வழக்கம்போல் காயிலை ஒன்றாவது இடத்துக்கு மாற்றி அனுப்பினார். மதியம், தன் பொழுது இல்லாத பொழுதில், ஷெட்டுக்கு வந்தார். அக்கா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் ஸ்கேன் வண்டியைத் தொடாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பல மாதமாக இருவரும் ஒரே கூரையின் கீழ் நின்றதில்லை. இருவருமே கூரையைப் பார்த்தார்கள்.

மூவரும் கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். முன்னால் கணவர், பின்னால் மடியில் கருவியோடு தம்பி. மேம்பாலத்தை ஏறி இறங்கி, மறுபடி ஏறியபோது வண்டி நடுங்க ஆரம்பித்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அக்கா, ஒண்ணாவதுன்னு அவர்கிட்ட சொல்லு."

"உன் தம்பிகிட்ட நல்லாப் பாக்கச் சொல்லு."

"நான் வண்டி ஓட்டறேன்" என்றாள் அவள். "தபாலாபீஸ் மூடியாச்சு."

ஏற்றத்தின் பாதி தூரம் வண்டி மட்டும் பேசியது.

"மாமா. ஒண்ணாவது."

அவர் திரும்பாமலே கேட்டார். "காலையில மூணாவதுல இருந்துச்சு. நான்தான் மாத்தினேன். நீ தொடலையே?"

"தொடல. நீங்க? அப்புறம்?"

"நானும் தொடல."

"அப்ப காயில்தான் மாமா."

"ம்." சிறிது தூரம் போனதும், "இன்னொரு தரம் மாத்திப் பாத்துட்டா..." என்று ஆரம்பித்தார்.

"மாமா" என்றான் ஸ்கேன். அவ்வளவுதான் சொன்னான்.

வாழ்க்கையில் முதன்முறையாக, இன்னொரு தரம் பார்க்காமல் புதுப் பாகம் வாங்கச் சம்மதித்தார். அதை ஸ்கேன் பொருத்தினான். "போல்ட்டை ஏண்டா கழுத்தை நெரிக்கற மாதிரி இறுக்கற?" என்றார். அது வசவாகத்தான் தொடங்கியது. அவளுடைய கை படாமல், திருத்தப்படாமல், அவன் காதுக்கு நேரே போய்ச் சேர்ந்த முதல் சேதி. அவன் கொஞ்சம் தளர்த்தினான்.

சனிக்கிழமை காலை மேம்பாலத்தில் ஒரு குப்பை லாரியை அவள் முந்திக்கொண்டு போனாள். அதே லாரிதான் என்று சாதித்தாள். கணவருக்கு அதில் சந்தேகம் இருந்தது. கடைக்காரரிடம், புதுக்கிளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த 'தெரியல'வைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

புதுக்கிளை திறந்த அன்று ஸ்கேன் காலையிலேயே ஷெட்டில் இருந்தான். மாமாவின் போன் அடித்தது. அவள்தான்.

"வந்து சேர்ந்துட்டேன்."

"நடுங்குச்சா?"

"இல்ல."

"பாலத்துல?"

"இல்லங்க."

"திரும்பி வரும்போது பாரு. சூடானாத்தான் தெரியும்."

"மாமா, போதும், வைங்க. அங்க ஆள் வந்திருப்பாங்க" என்றான் ஸ்கேன், ஒரு லாரியின் அடியிலிருந்து.

சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு வெகுநேரம் முன்னாலேயே, கையைத் துடைத்துக்கொண்டு அவர் சந்து முனையில் போய் நின்றார். அந்தப் பக்கமாக வந்த பழக்கடைக்காரரிடம், வண்டிச் சத்தம் எப்படி இருக்கிறதென்று கேட்கத்தான் நிற்கிறேன் என்றார். பழக்கடைக்காரர் எதுவும் கேட்டிருக்கவில்லை.