எரிச்சல் நின்ற வருடம்

எங்கள் அத்தை தீ மிதித்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோவில்பதாகையில் ஏரிப் பக்கம் போகும் தெருவில் எங்கள் வீடு. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் டெய்லர். பகல் முழுவதும் எந்த நாட்டுப் பிள்ளைகளோ போடப்போகும் சட்டைகளுக்குக் காலர் வைத்துவிட்டு, சாயங்காலம் கம்பெனி வேனில் ஆவடி வந்து இறங்கி, எனக்கு ஏதாவது வெட்டுத்துணி கொண்டுவருவாள். என் பொம்மைகள் எல்லாம் ஏற்றுமதித் தரத்தில் உடுத்தியிருந்தன.

அத்தைக்குச் சுகர் உண்டு. எங்கள் வீட்டில் அதற்கான வைத்தியம், அவள் டீயில் மட்டும் சர்க்கரை போடாமல் இருப்பது. அந்த டீயோடு நாலு பிஸ்கட் சாப்பிடுவதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மாத்திரையும் இருந்தது. ஆனால் கம்பெனியில் சாப்பாட்டு மணி தள்ளிப்போகும் நாட்களில் மாத்திரை போட்டால் கை நடுங்கித் தையல் கோணிவிடுகிறது என்று, வேலை நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். எண்ணெய்க் குளியல் மாதிரி அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் காரியமாகிப்போனது.

கால் எரிச்சல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்தபோது அது முற்றியிருந்தது. வேலை விட்டு வந்ததும் அத்தை புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கெட் தண்ணீரில் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு உட்காருவாள். "மொளகா அரச்சிப் பூசினா மாதிரி கீதுடி" என்பாள். சில நாள் எரிச்சலோடு குத்தலும் சேர்ந்துகொள்ளும். அம்மா மருதாணி அரைத்து உள்ளங்காலில் அப்பிவிடுவாள். அதனால் அத்தையின் பாதங்கள் எப்போதும் கல்யாணப்பெண்ணின் பாதம் போலச் சிவந்திருக்கும். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

ஒருமுறை அம்மா அவளை வற்புறுத்தி ஆவடியில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். நானும் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, காலைத் தினமும் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அத்தைக்குக் கடைசி விஷயம் மட்டும் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும் அம்மாவிடம், "ஊட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கினு திரியறதுக்கு நாம இன்னா ஆபீசர் கோட்டர்ஸ்லயா கீறோம்?" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சொன்ன மற்றவையும் அந்தச் சிரிப்போடு போயின.

மாத்திரைக்குக் கேட்காததை அத்தை அம்மனிடம் கேட்டாள். எங்கள் தெருக்கோடியில் அம்மன் கோயில். ஆடி மாதம் அங்கே தீமிதி நடக்கும். 'தாயே, இந்த எரிச்சல எடுத்துடு, உனக்கு வர்ற ஆடியில தீ மிதிக்கறேன்' என்று அவள் வேண்டிக்கொண்டதை வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மன் கேட்டுவிட்டாள். பொங்கல் முடிந்த பிறகு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெயில் காலம் வந்தபோது அடியோடு நின்றுவிட்டது. பக்கெட் குளியலறைக்கே திரும்பிப்போனது. அத்தை முகத்தில் வருடக்கணக்காக இருந்த சுளிப்பு போய், அவள் இவ்வளவு லட்சணமானவளா என்று எதிர் வீட்டு அம்மாளே கேட்கும்படி ஆனாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷமான கோடையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் அத்தை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இன்னொன்று வேனிலிருந்து இறங்கும்போது கழன்றதா, ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டாளா, அவளுக்கே தெரியவில்லை. வாசலில் நின்று தன் காலைத் தானே பார்த்துவிட்டு, "அய்யே, இன்னொன்னு எங்க?" என்று அவள் கேட்ட கேள்விக்கு நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை நடித்துக் காட்டினாள். தார் ரோடு கொதிக்கும் சித்திரை வெயிலில் அந்த வெறுங்கால் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கால்கள்மேல் ஏறி மிதிக்க வேண்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கெண்டைக்காலில் தொடங்கி நடந்து கீழே பாதங்களுக்கு இறங்கி, இரண்டு உள்ளங்காலிலும் இரண்டு காலை வைத்து நின்றேன்.

"இன்னாடி இறங்கிட்டியா? பாதத்துல ஏறி மிதி" என்றாள்.

"அத்தை, பாதத்து மேலதான் நிக்கறேன்."

"பொய் சொல்லாத."

தலையைத் திருப்பிப் பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, "சாப்புடு, சாப்புடுன்னு உங்கம்மா கத்தறது சும்மா இல்ல. பூ மாதிரி கீற நீ" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அவ்வளவு லேசானவள் என்பதை அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அம்மா எனக்கு முட்டை வாங்கித் தரத் தொடங்கினாள்.

ஆடி பிறந்ததும் அத்தை காப்புக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் புடவை, ஒரு வேளைச் சாப்பாடு. வெறும் வயிற்றில் மயக்கம் வரும் என்று ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் நின்றது. எங்கள் வீட்டில் தயங்கியது அம்மா ஒருத்திதான். ஒரு சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே, "அண்ணி, செருப்பில்லாம நடக்கக்கூடாதுன்னு அந்த டாக்டரு சொல்லிச்சே. ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்றாள்.

"அது எரிஞ்சினு இருந்தப்போ சொன்னது. இப்போதான் எரியலையே" என்றாள் அத்தை.

அப்பா, "சாமி காரியத்துல குறுக்க பேசாத" என்று முடித்துவைத்தார்.

தீமிதி அன்று பொழுது சாயும் நேரத்தில் தெரு முழுவதும் ஜனம். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து, வேப்பம்பட்டிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்திருந்தார். கட்டைகள் எரிந்து அடங்கி, தணலை நீளமாகப் பரப்பியிருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அனல் முகத்தில் அடித்தது. பம்பைச் சத்தத்தில் ஒவ்வொருவராக ஓடினார்கள். ஆமாம், எல்லோரும் ஓடத்தான் செய்தார்கள். வேப்பிலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நாலே எட்டில் தாண்டிப் பால் ஊற்றிய குழியில் போய் விழுந்தார்கள்.

அத்தை ஓடவில்லை. கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறவள் போல நடந்தாள். நடுவில் ஒரு கணம் நின்றுகூட விட்டாள். அம்மன் இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி நடந்தாள். பம்பை அடிப்பவர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பிறகு எழுந்த சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. குழியைத் தாண்டி வந்தவளின் காலில் பெண்கள் விழுந்தார்கள். எதிர் வீட்டு அம்மாள் அவள் பாதத்தில் ஒட்டியிருந்த சாம்பலைத் தொட்டுத் தன் பேரப்பிள்ளையின் நெற்றியில் பூசினாள். அப்பாவின் தோள் குலுங்கியது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், "சுடலையா அத்தை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெர்லடி. தரையில நடந்தா மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். சொல்லும்போது அவள் குரலில் பெருமையைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான்தான் ராணி. எங்கள் வகுப்பில் தீ மிதித்த அத்தை வேறு யாருக்கும் இல்லை.

அத்தை வேலைக்குப் போனாள், வந்தாள். சில நாள் கழித்து அம்மா வீட்டைத் துடைக்கும்போது தரையில் ஈரத் தடம் இருப்பதைப் பார்த்தாள். தண்ணீர் இல்லை, பிசுபிசுப்பாக இருந்தது. தடம் போன வழியே போனால் அத்தை உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். காலைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளங்காலில் கொப்புளம் எழும்பி, அவள் பாட்டுக்கு அதன்மேல் நடந்து, தோல் உரிந்து கிடந்தது. அம்மா அலறிவிட்டாள். அத்தை ஏதோ அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் தெரு. தீ மிதித்தவருக்குக் கால் வெந்தால் விரதத்தில் குறை, மனசில் அழுக்கு என்று பேசுகிற தெரு அது. அதுவும் அத்தை, நடுத்தணலில் நின்று கும்பிட்டவள். அவள் காலில் விழுந்தவர்கள் நாளைக்கு என்ன சொல்வார்கள்? வீட்டில் மூன்று பெரியவர்களும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அத்தை சொன்னாள்: "வலிக்கவே இல்ல. மஞ்சள் வெச்சா ஆறிடும். வெளிய சொல்லாதீங்க."

மஞ்சளும் விபூதியும் வைத்துக் கட்டினார்கள். அப்பா சாக்ஸ் வாங்கிவந்தார். ஆவணிப் புழுக்கத்தில் சாக்ஸ் போட்டுக்கொண்டு அத்தை கம்பெனிக்குப் போனாள். கேட்டவர்களிடம் ஏசி குளிருது என்றாள். மெஷின் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கால் சொல்லாததால் தையல் தறிகெட்டு ஓடியது. சூப்பர்வைசர் அவளை மெஷினிலிருந்து எடுத்து, நின்றுகொண்டே செய்யும் செக்கிங் வேலையில் போட்டார். அந்தக் காலோடு நாள் முழுவதும் நின்றாள். வலித்திருந்தால் ஒரு மணி நேரம் நின்றிருப்பாளா?

பிறகு வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்திருக்கும் என்று அம்மா பீரோவை நகர்த்தித் தேடினாள். அன்று சாயங்காலம் அத்தை காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியதும்தான் அப்பா ஆட்டோ பிடிக்க ஓடினார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, "இவ்வளவு ஆகிற வரைக்கும் வலிக்கலையாம்மா?" என்று கேட்டாராம்.

"வலிச்சிருந்தா ஓடியாந்திருப்பேனே சார்" என்றாளாம் அத்தை.

முதலில் விரல்களை எடுத்தார்கள். அடங்கவில்லை. கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார். "சுகர் நரம்ப அரிச்சிகினே வந்திருக்குதாம். எரிச்சல் வந்ததே அதனாலதானாம். எரிச்சல் நின்னுபோச்சுன்னு நாம சந்தோஷப்பட்டோமே, நரம்பு செத்துப்போயிதான் நின்னுச்சாம்." அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "முன்னாடியே வந்திருந்தா எரிச்சலுக்கு மருந்து கொடுத்து, காலையும் பாத்துக்கினு இருக்கலாமாம்" என்று அப்பா சொன்னது அவளுக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை. எனக்கு விழுந்தது. நரம்புகூடச் சாகுமா என்று மட்டும் யோசித்தேன்.

அத்தை வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை தினமும் நேரத்துக்கு வந்தது. வாசற்படிக்கு உள்ளேயும் செருப்பு வந்தது, ஒற்றையாக. சாயங்காலமானால் அம்மா அவள் எதிரில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இடது காலைத் தன் மடியில் எடுத்துவைத்து, விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்ப்பாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அம்மா முன்பெல்லாம் கலகலவென்று பேசுகிறவள்.

தெருவில் எதிர்பார்த்தபடியே பேசினார்கள். சாம்பல் பூசிக்கொண்ட எதிர் வீட்டு அம்மாள் எங்கள் வாசலைப் பார்க்காமல் போகக் கற்றுக்கொண்டாள்.

அடுத்த ஆடியில் அம்மன் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. அப்பா கதவைச் சாத்தப் போனார். அத்தை வேண்டாம் என்று சொல்லி, நாற்காலியை வாசலுக்கு நகர்த்தச் சொன்னாள். அம்மன் வந்ததும் எப்போதும் போலக் கும்பிட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. பம்பைச் சத்தம் தெருமுனை திரும்பியதும், "உனக்கு அம்மன் மேல கோவமே இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"அவ மேல இன்னாத்துக்குடி கோவம்? எரிச்சல எடுன்னு கேட்டேன், எடுத்துட்டா. கால நல்லா வையின்னு கேட்டிருக்கணும். எனக்குத்தான் கேக்கத் தெர்ல."

அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. விளையாட்டில் யாரோ யாரையோ வார்த்தையில் மடக்கிவிட்டது போலத் தோன்றியது. அந்த வருடப் பரீட்சைக்கு நான் மிகவும் ஜாக்கிரதையாக வேண்டிக்கொண்டேன். பாஸ் ஆக வேண்டும் என்று மொட்டையாகக் கேட்காமல், எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்று தனித்தனியாகச் சொன்னேன். அத்தையிடம் போய் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.