நேராக நின்ற எண்கள்

சதுரங்கப்பட்டினத்துச் சவுக்குத் தோப்பு ஓரம், ஒரு தகரக் கொட்டகையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் போனேன். விற்பவர் ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் ஒரு கையைக் கார் மீதே வைத்திருந்தார், சந்தையில் மாடு பிடித்து நிற்பவர் போல.

பானட்டைத் திறந்தார். வண்டிக்கு அடையாளமான சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்.

"ஆயுத பூஜைக்கு வெச்சது சார்" என்றார்.

துடைக்கச் சொன்னேன். தயங்காமல் துடைத்தார். எண்கள் அளவெடுத்தாற்போல் ஒரே வரிசையில் நின்றன. அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் ஒவ்வொரு எண்ணையும் கையால் சுத்தியல் தட்டித்தான் பதிப்பார்கள். கோணல்தான் அசலுக்கு அடையாளம்.

"இது கம்பெனியில அடிச்சது இல்லையே?"

"ஆமா சார். கம்பெனிக்காரன் கோணாமாணான்னு அடிச்சிருந்தான். வர்றவன் எல்லாம் டூப்புன்னு சொல்லிட்டுப் போனான். ஒரே பேஜாரு. அதான் தேச்சுட்டு, அதே நம்பரை நானே நேரா அடிச்சேன். எப்டி கீது?"

நம்பரைத் தேய்த்திருந்தால் திருட்டு வண்டிதான் என்று முடிவுகட்டி, வாங்காமல் திரும்பினேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்த பெருமையை ஒரு திருடன் எப்படி நடித்திருக்க முடியும் என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.