இத்தாவும் கறுப்புக் கண்ணாடியும்

ஹுஸ்னாவுக்குப் பயப்படக் காரணம் வேண்டும் என்பதில்லை. லிஃப்ட் கதவு மூடினால் பயம், மூடாவிட்டால் அதைவிடப் பயம். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்து, டவுனில் ஓர் அச்சகத்தில் குமாஸ்தா வேலைக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவள். கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தாள். அதை வாங்கிய கதையைச் சொல்லித் தம்பி சாஹித் இன்றைக்கும் சிரிப்பான். சோதனைக்கு உடன் உட்கார்ந்த அதிகாரி, காரைவிட்டு இறங்கும்போது வாய்விட்டு 'அல்ஹம்துலில்லாஹ்' சொன்னாராம். அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அத்தா இருந்தவரை தொடவேண்டிய அவசியமும் வரவில்லை.

அத்தா சிக்கந்தர்தான் தன் பழைய சாகா காரில் அம்மா சித்தி ஹாஜராவை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவார். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு வருஷக்கணக்காகிறது. ஒரு விடியற்காலை தொழுதுவிட்டுச் சற்றுப் படுத்த அத்தா அப்படியே போய்விட்டார். அன்றே அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மௌத்தானால் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. வைத்தியத்துக்கு வெளியே போகலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று பள்ளிவாசல் இமாமே சொல்லியனுப்பினார். அம்மா கேட்டால்தானே!

"இமாமுக்குக் கிதாபு தெரியும். எங்க குடும்பத்துப் பொம்பளைங்க எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. முதல் வாரம் டயாலிசிஸுக்குப் போகவேயில்லை. கால் வீங்கியது, முகம் ஊதியது, மூச்சு இழுக்கத் தொடங்கியது. கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கிப்போனார்கள். இன்னொரு தடவை இப்படி விட்டால் உங்கள் அம்மா பிழைக்கமாட்டார் என்று டாக்டர் ஹுஸ்னாவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். கண் திறந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, தன்னைத் தூக்கியவர்கள் ஆண்களா என்பது.

பிறை என்ற ஊரில் ஷிப்ட் வேலை பார்க்கும் சாஹித்தான் வழி கண்டுபிடித்தான். அத்தாவின் காரை ஹுஸ்னா ஓட்டட்டும், கண்ணாடிகளுக்குக் கறுப்புத்தாள் ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் யார் கண்ணிலும் படமாட்டார். டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் பெண் நர்ஸ் இருக்கிறாள், கட்டிலைச் சுற்றித் திரையும் போடுவார்கள். அம்மா ரொம்ப யோசித்து ஒத்துக்கொண்டாள். ஆனால் முன் சீட்டில்தான் உட்காருவேன், பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதனால் முன் கதவுக் கண்ணாடிகளுக்கும் கன்னங்கரேலென்று ஒட்டியாயிற்று.

"அக்கா, பின்னாடி எவ்ளோ கறுப்பா வேணும்னாலும் ஒட்டலாம், சட்டத்துல எடம் இருக்கு. முன் கதவுக்குத்தான் பாதி வெளிச்சமாவது உள்ள வரணும். இது கொஞ்சம் ஓவர்தான். ஜேபிஜே பிடிச்சா சமாளி லா" என்றான் சாஹித்.

சமாளி லா! யாரிடம் போய்ச் சொல்கிறான் பாருங்கள். அன்றோடு ஹுஸ்னாவின் தூக்கம் போயிற்று. அபராதத்தைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாக்காரர்கள் பிடித்தால் தாளைப் பிய்க்கச் சொல்வார்கள். தாள் போனால் அம்மா காரில் ஏறமாட்டாள். ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லிவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஹுஸ்னாவுக்கோ பளபளக்கும் மேல்சட்டை மாட்டிக்கொண்டு ரோடு கூட்டுகிறவர்கூட ஜேபிஜே அதிகாரியாகவே தெரிந்தார்.

ஸ்டியரிங் அவள் கையில் இருந்ததே தவிர, உண்மையில் காரை ஓட்டியது அம்மாதான். "எடது பக்கம் மோட்டார் வருது, நில்லு. இப்பப் போ. போ புள்ள, லாரிக்காரன் வழி விட்டுட்டான்." மழை நாளில் அந்த இருட்டுக் கண்ணாடி வழியே வெளியே நிற்பது மோட்டார் சைக்கிளா, விளக்குக் கம்பமா என்றே ஹுஸ்னாவுக்குப் புலப்படாது. அம்மா கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துச் சொல்வாள். இப்படியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் ஓடின.

அன்றும் காலையிலிருந்து தூறல். பசாரைத் தாண்டிய வளைவில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மழைக்கோட்டுப் போட்ட அதிகாரிகள் ஒவ்வொரு காராக ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன் ஹுஸ்னாவின் கை தானாகத் திரும்பியது. கார் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிட்டது.

"எங்கடி போற?" என்றாள் அம்மா.

அவளுக்கே தெரிந்தால்தானே சொல்வாள்? சந்தின் கோடியில் ஒரு லாரி முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் போக வழியில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால், நீல விளக்கு மினுக்கிக்கொண்டு ஜேபிஜே மோட்டார் வந்து நின்றது. அதன் பின்னே இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நிற்காமல் போகிற கறுப்புக் கண்ணாடிக் காரை யார்தான் சும்மா விடுவார்கள்? ஒருவர் காருக்கு முன்னால் வந்து, நகராதே என்று கையைக் காட்டினார். இன்னொருவர் ஹுஸ்னாவின் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"கண்ணாடியை இறக்குங்க!" என்று மலாயில் அதட்டினார்.

"எறக்காத" என்றாள் அம்மா. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "ஆம்பளைங்க நிக்கிறாங்க. எறக்கினா சத்தியமா இனிமே நான் இந்தக் கார்ல ஏறமாட்டேன்."

தட்டல் பலத்தது. எஞ்சினை நிறுத்து என்று முன்னால் நின்றவர் கத்தினார். ஹுஸ்னாவுக்கு எது எஞ்சின் சாவி, எது வைப்பர் என்பதே மறந்துபோனது. கை ஸ்டியரிங்கிலேயே விறைத்துவிட்டது, முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கத்தில் பிரேக்கிலிருந்து கால் நழுவியதை அவள் அறியவில்லை. கார் மெள்ள ஊர்ந்து, எதிரே நின்றவரை நோக்கிப் போனது. அவர் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்ததை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், காலை மட்டும் அசைக்க முடியவில்லை.

"பிரேக்!" என்று அலறிய அம்மா, ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த வலது கையாலேயே எட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கார் குலுங்கி நின்றது. அதிகாரியின் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று ஹுஸ்னா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கொலைகாரி ஆகியிருப்பேனே என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது.

அம்மா மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டு, தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கினாள். மழைத்துளி உள்ளே தெறித்தது. லாரியிலிருந்து மூட்டை இறக்கியவர்கள், ஓடிவந்த அதிகாரிகள், வேடிக்கை பார்க்கக் கூடிய கடைக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் அம்மாவின் வெளிறிய முகம் திறந்து கிடந்தது.

"யாரும் அவளைத் திட்டாதீங்க" என்றாள் மலாயில். "அவ திருடி இல்ல. பயந்தவ."

ரோஹானா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் அதிகாரி ஆண்களை விலக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் இத்தா வெள்ளை உடையையும், கையில் புடைத்த நரம்பையும் பார்த்ததுமே அவருக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. மீதியை அம்மா சொன்னாள். ரோஹானா சின்னக் கருவியைக் கண்ணாடியில் வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சம்மன் எழுதத்தான் வேண்டும், முன் கதவுத் தாளை இப்போதே எடுத்தாகவேண்டும் என்றார்.

"பின் கண்ணாடி எவ்வளவு கறுப்பா இருந்தாலும் நாங்க கேட்கப்போறதில்ல, மக்சிக். நீங்க முதல்லயே பின்னால உட்கார்ந்திருந்தா இந்தத் தொல்லையே இல்லையே?"

"பின்னால உட்கார்ந்தா இவளுக்கு யாரு வழி சொல்றது?" என்றாள் அம்மா. "பக்கத்துல ஆள் இல்லாம இவளால தெருமுனைகூடத் தாண்ட முடியாது. குமட்டும்னு நான்தான் பொய் சொல்லி முன்னால உட்கார்ந்தேன்."

ஹுஸ்னாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அம்மாவின் வீம்புக்காகத்தான் இந்தக் கண்ணாடியைச் சுமந்து திரிகிறோம் என்று நினைத்திருந்தாள். கேட்டால் அழுதுவிடுவோம் என்று தெரிந்து, ஒன்றும் கேட்காமல் இறங்கி நகத்தால் தாளின் ஓரத்தைக் கிளப்பினாள். ரோஹானாவும் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று தாள் உரிந்து வந்தது.

முன் சீட்டு இப்போது பட்டப்பகலாகக் கிடந்தது. அம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு அதிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாக்கிறவன் பாத்துட்டுப் போறான், கார எடு" என்றாள். குரல் உடைந்திருந்தது. இன்றைக்கு இப்படி வருவாள், அடுத்த முறை வரமாட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

ஹுஸ்னா சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்கம்மா. பின்னாடி போய் உட்காருங்க."

"நீ?"

"நான் ஓட்டுறேன்."

"பயமா இல்லியா புள்ள?"

"உசுரே போவுது. நீங்க உட்காருங்க."

ரோஹானா குடையைப் பிடித்து ஆண்களின் பார்வையை மறைத்துக்கொள்ள, அம்மா பின் சீட்டின் இருட்டுக்குள் ஏறினாள். கதவு சாத்தியதும் உள்ளே ஆள் இருப்பதே வெளியே தெரியவில்லை. ரோஹானாவே சந்து முனைக்குப் போய் வண்டிகளை நிறுத்தி வழி விட்டார்.

பெரிய சாலையில் ஏறியபின் வழி விட யாருமில்லை. பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. பஸ் நிறுத்தம் வந்தது, சிக்னல் வந்தது, இடது பக்கம் ஒரு மோட்டார் உரசுவதுபோல் வந்தது. யாராவது 'நில்லு' என்று சொல்லமாட்டார்களா என்று ஹுஸ்னாவின் காது ஏங்கியது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. தானே பார்த்து, தானே பிரேக்கை மிதித்தாள். மோட்டார் கடந்து போயிற்று.

அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, உள் கண்ணாடியில் பார்த்தாள். அம்மா முன் சீட்டைப் பற்றிக்கொண்டு, கண் பிதுங்க ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வெளியே வந்துவிடாமல் இருக்க, முக்காட்டு நுனியைப் பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள்.