கதவுவரை நிமிர்ந்த நடை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மொன்றியல் டவுன்டவுனில் நான் வேலைபார்த்த சிகிச்சை நிலையத்துக்கு அவர் வருவார். அமெரிக்க ஃபுட்போலில் ஓடிப் பந்து பிடிப்பவர். நெடிய உடம்பு, இரண்டு முழங்காலிலும் தையல் தழும்புகள். தெருவில் நிமிர்ந்து நடப்பார். எங்கள் கதவு மூடியதும் சுவரைப் பிடித்து நொண்டுவார். பயிற்சியாளர் கண்டால் அணியில் இடமிராது.

"உந்த மனுசன் எத்தினை நாளைக்குத்தான் ஒளிக்கப்போகுது, தம்பி?" என்பார் தரை துடைக்கும் அக்கா.

ஒருநாள் தெருவிலிருந்தே நொண்டிக்கொண்டு வந்தார். முழங்கால் நோ கூடிவிட்டதா என்று பதறிக் கேட்டேன்.

"இல்லை. நேற்று அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி யார் பார்த்தால் என்ன?"

ஆனாலும் திரும்பிப் போகையில், கதவைத் திறந்ததும் அவர் உடம்பு நிமிர்ந்தது. நொண்டாமல் தெருவில் இறங்கினார். பழக்கமா, மறுபடி ஆடும் ஆசையா, எனக்கு இன்றும் விளங்கவில்லை.