ஆடிக்கு முன்னால் ஒரு மொட்டை

என் மகளின் தலை நீண்டு ஒடுங்கியிருப்பதை முதலில் கவனித்தது நான்தான். எண்ணெய் வைக்கும்போது உச்சிக்குழியைத் தேடினேன், இல்லை. அந்த இடத்தில் நெற்றியிலிருந்து பின்மண்டை வரை வரப்புபோல ஒரு மேடு ஓடியது. வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ளதானே, முடி வளந்தா மறைஞ்சிடும்" என்றார் மாமனார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்த டாக்டரம்மா விளக்கினார். மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி என் வயிற்றில் இருக்கும்போதே மூடிவிட்டதாம். மூளை வளர இடமில்லை, ஆபரேஷன் செய்து இடம் உண்டாக்க வேண்டும். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருப்பவள். வளர்கிற காலைச் சின்ன ஷூவுக்குள் திணித்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு வாரத்துக்குள்ள வந்து சேர்ந்துடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார்.

வீட்டில் சொன்னதும் பிடித்துக்கொண்டது சண்டை. அதுவும் ஆபரேஷனுக்காக அல்ல, முடிக்காக! ஆஸ்பத்திரியில் தலையை மழிப்பார்கள். முதல் முடியோ குலசாமிக்கு உரியது. ஆடித் திருவிழாவில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, கிடா வெட்டிச் செலுத்துவது என் கணவர் வீட்டு வழக்கம். ஆடிக்கு இன்னும் பல மாதம் இருந்தது.

"சாமி முடி மேல ஆஸ்பத்திரி கத்தி பட்டு, புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?" என்றார் மாமனார்.

"ஆடி வரைக்கும் உட்டு ஒண்ணுன்னா யாரு மாமா பொறுப்பு?"

"இன்னா நீ, அப்பாகிட்ட ஜாஸ்தி பேசற?" என்றார் என் கணவர். பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் சாமியோடு எனக்கென்ன பகை? "முடி சாமிக்கே. இந்த வெள்ளிக்கிழமையே எடுத்துடலாம்" என்றேன்.

"கிடா? பந்தி? சொந்தக்காரங்க இன்னா சொல்லுவாங்க?"

"சாமிக்கு முடி போதும் மாமா. பிரியாணி கேக்கறது சொந்தக்காரங்கதான்."

வெள்ளிக்கிழமை ஏலகிரி அடிவாரத்துக் குலசாமி கோவிலுக்கு வீட்டு ஆட்கள் மட்டும் போனோம். மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். என் தம்பி கம்பெனியில் லீவு போட்டு ஓடிவந்து மகளை மடியில் வைத்துக்கொண்டான். முடி எடுப்பவர் அந்த மேட்டருகே வந்ததும் கத்தியை நிறுத்தி எங்களைப் பார்த்தார். பிறகு மெல்ல வழித்தார்.

மொட்டைக்குச் சந்தனம் பூசுவது தாத்தா. மாமனார் பூச ஆரம்பித்தார். உச்சியில் அவர் கை நின்றுவிட்டது. முடி மறைத்திருந்ததெல்லாம் வெயிலில் அப்பட்டமாகத் தெரிந்தது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்தாற்போல் இருந்தது.

"புள்ள இத்தயா சொமந்துக்கினு இருந்துச்சு?" என்றார். "எப்பம்மா கூட்டினு போவணும்?"

ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. அதுவரை சண்டை போட ஆள் இருந்தது, பயப்பட நேரமில்லை. இப்போது மகளை வாங்கி அந்த வெறுந்தலையைத் தடவியபோதுதான், இதைத்தான் திறக்கப்போகிறார்கள் என்பது உறைத்தது. அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். அதைத் தம்பி பார்த்துவிட்டான்.

"அக்கா, பயமா இருந்தா ஆடிக்கு அப்பறமா..." என்று இழுத்தான்.

"பயமாத்தான்டா இருக்குது" என்றேன். "வேலூருக்கு வண்டி புடி. இங்கேர்ந்தே போறோம்."