“பை ஹூம்?”

நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பிற்பாடுதான் வந்தது. அதனால் இது நடந்த தேதி என்னிடம் இல்லை. ஏழாம் வகுப்பு, ஓணப் பரீட்சைக்கு முந்தைய வாரம், வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு மறுநாள் என்பது வரை உறுதி. எங்கள் கடலைக்காட்டில் இரவெல்லாம் காட்டுப்பன்றிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அப்பா மோட்டார் அறையிலிருந்து மின்சாரம் இழுத்து வரப்போரம் கம்பி கட்டியிருந்தார். இருட்டியதும் இணைப்பார்; விடிவதற்குள் கழற்றிவிடுவார். அது சட்டப்படி குற்றம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்று விடியலில் அப்பா கம்பிச் சுருளோடு ஓடி வந்தார். அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சுருளை வைக்கோல் போருக்குள் திணித்துவிட்டுக் கை கழுவினார். சற்று நேரத்தில், என்னோடு படிக்கும் கோகிலாவின் அம்மா அலறும் சத்தம் கேட்டது. அவர்களுடைய துண்டு நிலம் எங்கள் காட்டை ஒட்டியது; அதற்குத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான் போகும். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த அவர்களுடைய வெள்ளை மாடு, எங்கள் வரப்பில் விறைத்துக் கிடந்தது. சினை மாடு.

ஊர் கூடியது. யாரும் கேட்பதற்கு முன் அப்பாவே சொன்னார்.

“பூச்சி ஏதாச்சும் தொட்டிருக்குமுங்க.”

எங்கள் பக்கம் பாம்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். மாட்டின் முன்னங்காலில் கருத்த கோடு ஒன்று இருந்தது. கோகிலாவின் அம்மா அதை விரலால் தடவினார். அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமாங்க. பூச்சிதானுங்க,” என்றார்.

எனக்குச் சடை பின்னும்போது அம்மா முடியை இறுக்கி இழுத்தார். “பள்ளிக்கொடத்துல எதாச்சும் வாயத் தொறந்தீன்னா, போலீசு வந்து உங்கப்பனக் கூட்டிட்டுப் போயிரும். தெரிஞ்சுதா?”

எங்கள் பள்ளிக்கூடம் கேரளப் பக்கம்; வாத்தியாரை ‘மாஷ்’ என்றுதான் கூப்பிடுவோம். முதல் பாடம் ஆங்கிலம். அந்த வாரம் செயப்பாட்டு வினை. ஒவ்வொருவராக எழுந்து, வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உடனே வகுப்பே “பை ஹூம்?” என்று கத்தும். யாரால் என்று பதில் சொல்லாமல் உட்கார முடியாது. மாஷ் ஏற்படுத்திய விளையாட்டு அது. போன வாரம் வரை எனக்கும் பிடித்திருந்தது.

“தி மேங்கோ வாஸ் ஈட்டன்!”

“பை ஹூம்?”

“பை மை சிஸ்டர், மாஷே!”

“ஏன்டா, தின்னது நீ, பழி அவ மேலயா?” என்றார் மாஷ். வகுப்பு சிரித்தது.

என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த வாக்கியத்தை யோசித்தாலும் அதில் கம்பி வந்தது, வைக்கோல் வந்தது, கடைசியில் அப்பா வந்தார். நாக்கு தவறிவிட்டால் சாயங்காலம் வீட்டில் அவர் இருக்க மாட்டார்.

எனக்கு முன்னால் கோகிலா. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அவர் கவ் வாஸ் கில்ட்.” எங்கள் மாடு கொல்லப்பட்டது.

“பை ஹூம்?” வகுப்பு கத்தியது. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “பை ஸ்னேக், மாஷே!” என்றான். மறுபடி சிரிப்பு. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கோகிலா என் பக்கம் திரும்பவே இல்லை. கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னாள்.

“யாருன்னு சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்குதுங்க, மாஷே.”

மாஷ் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். “இரி மோளே,” என்று மலையாளத்தில் மெதுவாக உட்காரச் சொன்னார். அடுத்தது என் முறை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அடுத்த பெஞ்சைக் கைகாட்டினார்.

என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கோகிலாவின் அம்மா எங்கள் வாசலுக்கு வந்து, படியேறாமல் நின்றார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியாமல் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“ஏனுங்க, நாளைக்கு எங்க காட்டுக்குத் தண்ணி உடுவீங்களா?”

“உடறேன் அம்மிணி. இனி எப்பவும் உடறேன்,” என்றார் அப்பா. அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

கோகிலாவின் அம்மா போனதும் என் அம்மாவிடம் ஓடி, “அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலம்மா!” என்று காதோடு சொன்னேன். அம்மா எனக்குத் தட்டு எடுத்து வைத்தார். நான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கிப்போனேன்.