மலைப்பாதையில் உடைந்த மெழுகுதிரி

விமலராணி மன்னாரில் பிறந்தவர். இத்தாலியின் பலெர்மோ நகரில், சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஒரு எசமானியின் வீட்டில் வேலை செய்தார். அவருடைய தாய் நாற்பதைத் தாண்டவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது மூக்கால் இரத்தம் கொட்டி விழுந்தவர் எழும்பவில்லை. மூத்த அக்காவுக்குப் பிரசவத்தில் வலிப்பு வந்து நாக்கு துண்டானது. பேய் என்று சொல்லி, புருசன் கம்பால் அடித்த தழும்புகளோடுதான் அக்காவை அடக்கம் செய்தார்கள்.

1996இல் விமலராணிக்கும் தலை சுற்றியது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, தாயும் அக்காவும் எப்படிச் செத்தார்கள் என்று விசாரித்தார். ஒரு மரபணுவின் குற்றமல்ல, பிறப்போடு வரும் பல சிறு வேறுபாடுகள் சேர்ந்து அழுத்தத்தை ஏற்றலாம் என்றார். குடும்பத்தில் எல்லோருக்கும் வராது, வந்தவளுக்குக் கர்ப்பகாலம்தான் ஆபத்து.

அப்போது பலெர்மோவிலேயே இருந்த தங்கை ஜூலி ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் அழுத்தத்துக்குக் குளிசை கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் புருசன் றொஜர், சுகப்பிரசவம் வேண்டி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடு, நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலை ஏறுவதாக நேத்தி வைத்திருந்தான். நேத்தி முடியும்வரை மருந்து தொடுவதில்லை என்பது அவன் வீட்டு வழக்கம். ஜூலி குளிசையை நிறுத்திவிட்டாள் என்பது அவர்களோடு ஏறிய விமலராணிக்குப் பாதி மலையில்தான் தெரிந்தது. தலை பிளக்கிறது, கண்ணுக்குள் மின்னுகிறது என்று அவள் கல்லில் குந்திவிட்டாள்.

றொஜர் கன்னத்தில் அறைந்தான். "நடிக்காதை. எழும்பு."

கூட வந்தவர்கள் செபமாலையை நிறுத்தவில்லை. அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தபோது, விமலராணி கையிலிருந்த பெரிய மெழுகுதிரியால் அவன் முகத்தில் அடித்தார். திரி முறிந்தது, உதடு கிழிந்தது. குனிந்து கல்லொன்றை எடுத்தார்.

"உங்கடை குடும்பத்துப் பெட்டையளுக்குப் பேய்தான், மச்சாள்" என்றான், இரத்தத்தைத் துப்பியபடி.

"பேயில்லையடா, பிறசர். இன்னொருக்கா தொட்டியெண்டால் மண்டையைப் பிளப்பன்."

இறங்கிவந்த காரொன்றை மறித்து ஜூலியை ஏற்றினார். பின் இருக்கையில் வலிப்பு வந்தது. அக்காவின் நாக்கு நினைவுக்கு வர, வைக்கக் கூடாதென்று அறியாமல் தங்கையின் பல்லிடுக்கில் விரல்களை வைத்தார். எலும்புவரை கடிபட்டும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின. என்ன பிள்ளை என்று கேட்டபடி, வீங்கிய உதட்டோடு றொஜர் வாசலில் நின்றான்.

"பெட்டை" என்றார் விமலராணி. "எங்கடை அம்மாவின்ரை இரத்தம் இவளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் விடலாம். தலையிடிக்குதெண்டு சொன்னா, கை ஓங்காதை."

விமலராணியின் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. ஜூலிக்குக் காலையில் குளிசை எடுத்துக் கொடுப்பது றொஜரின் வேலையாயிற்று. அவள் விழுங்கும்வரை விமலராணி பக்கத்தில் இருந்து பார்ப்பார்.